அந்த "அவ்வளவுதான்"

செல்லுக்கு சிக்னல் போகிற விதம் பற்றி ஒரு தம்பி பேசிய நேற்றைய வீடியோவைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் நிம்மதியாக இருங்கள்.

"வளர்ச்சிக் காரணி வந்து ரிசெப்டாரில் ஒட்டும், சிக்னல் போகும், அப்புறம் செல் அந்த ரிசெப்டாரை விழுங்கிக் குப்பையில் போட்டுவிடும், அவ்வளவுதான்" என்றார் அந்தத் தம்பி. (வளர்ச்சிக் காரணி என்றால் செல்லை வளரச் சொல்லும் புரதம்; ரிசெப்டார் என்றால் அதைப் பிடித்துக்கொள்ள செல்லின் சவ்வில் நிற்கும் புரதம்.) அந்த "அவ்வளவுதான்" நேற்றிலிருந்து என் தொண்டையில் நிற்கிறது.

உள்ளே போனால் கதை முடிந்தது என்று யார் சொன்னது? இ.ஜி.எஃப். என்கிற வளர்ச்சிக் காரணியின் ரிசெப்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். இ.ஜி.எஃப். ஒட்டியதும் ரிசெப்டார்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒன்றின் வாலில் இன்னொன்று பாஸ்பேட் ஏற்றும், சவ்வு அந்த இடத்தில் குழியும், கிளாத்ரின் என்கிற புரதம் அதைச் சுற்றிக் கூடை பின்னும், டைனமின் என்கிற புரதம் அந்தக் குழியின் கழுத்தை நெரித்து அறுத்துவிடும். எல்லாம் சில நிமிட வேலை. ஆனால் எண்டோசோம் என்கிற உள்பைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் ரிசெப்டாரின் வால் செல்லின் உட்சாறான சைட்டோபிளாசம் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது, பேசிக்கொண்டேதான் இருக்கிறது! 1996-இல் டைனமினை முடக்கி ரிசெப்டாரை உள்ளே போகவிடாமல் பார்த்தார்கள். சில சிக்னல் கூடியது, சில குறைந்தது. குப்பைக்குப் போகிற பொருள் என்றால் எதற்குக் குறைய வேண்டும்?

இன்னொன்று. அதே ரிசெப்டாரில் டி.ஜி.எஃப். ஆல்ஃபா என்கிற இன்னொரு வளர்ச்சிக் காரணி ஒட்டினால், எண்டோசோமின் லேசான அமிலத்திலேயே கழன்றுகொள்ளும், ரிசெப்டார் பெரும்பாலும் செல்லின் மேற்பரப்புக்கே திரும்பிவிடும். இ.ஜி.எஃப். விடாது, "இதை அழி" என்கிற யுபிக்விட்டின் முத்திரை விழுந்த ரிசெப்டாரோடு, செல்லின் குப்பைக் கிடங்கான லைசோசோம் வரை கூடவே போகும். உள்ளே போன பிறகுதானய்யா இந்த முடிவெல்லாம்.

"அப்ப இ.ஜி.எஃப். ரிசெப்டார் லைசோசோமுக்குத்தானே போகுது, தம்பி சொன்னது சரிதானே" என்பீர்கள். சரி, இ.ஜி.எஃப்.-ஐ நிறைய ஊற்றினால் பெரும்பங்கு அங்கேதான் போகும், ஒத்துக்கொள்கிறேன். அது பாதிக் கதை, போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போவது மீதிக் கதை.

"சாமானியனுக்குப் புரிகிற மாதிரி எளிமையாகச் சொன்னால் என்ன தப்பு?" இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆய்வு மாணவனாக மூன்று வருடம் ஹீலா என்கிற ஆய்வகச் செல்களை ஐஸில் வைத்து இ.ஜி.எஃப். ஒட்டவிட்டு, 37 டிகிரிக்கு மாற்றி, இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தவன் நான். முதல் படத்தில் செல்லின் விளிம்பில் ஒரு கோடு, கடைசிப் படத்தில் உள்ளே புள்ளிப் புள்ளியாக. ஊருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். எட்டாவது வரை படித்தவர். உற்றுப் பார்த்துவிட்டு, "உள்ள போயி அது என்னடா பண்ணும்?" என்றார். அந்தத் தம்பிக்கு வராத கேள்வி. சாமானியனுக்குப் புரியாதாம்!

ஹெர்2 பக்கம் போனால் இன்னும் கோபம் வரும். சில மார்பகப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறிக் குவிந்து கிடக்கிற ரிசெப்டார் அது, உள்ளே போவதற்கு மகா சோம்பேறி. யாருக்காவது இதெல்லாம் தெரிய வேண்டாமா?

மரியாதையாகத்தான் கமெண்ட் எழுதினேன், "தம்பி" என்றுதான் ஆரம்பித்தேன். வந்த பதில்: "அண்ணே, கிளாஸ் எடுக்காதீங்க", கூடவே நாலு சிரிப்பு பொம்மை. நமக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தில்கூட வாயைத் திறக்கக் கூடாது போலிருக்கிறது. காலையில் பார்த்தால் என் கமெண்டையே காணோம். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, முதல் கமெண்டில் போடுகிறேன்.