எட்கர் ஏன் கடைசி வரை சொல்லவில்லை?

எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ பாடத்தில் இருந்தால் பரீட்சைக்கு அதன் வில்லன் இயாகோ வராமல் இருக்கமாட்டான். அவன் ஏன் அப்படிச் செய்தான், அவன் சூழ்ச்சி எப்படிப் பலித்தது என்று நாங்களும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வருவோம். எனக்கு இயாகோ அலுத்துவிட்டான். இந்த வருடம் ‘ஒத்தெல்லோ’வையும் ‘லியர் மன்ன’னையும் அடுத்தடுத்துப் படித்ததில் வேறொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த நாடகங்களில் வில்லனின் பொய் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை அந்த வீட்டு நல்லவர்களே செய்து முடிக்கிறார்கள். அன்பினால், பயத்தினால், ‘இப்போ சொல்ல வேண்டாம், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற நினைப்பினால்.

ஒத்தெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த கைக்குட்டையை வைத்துத்தான் அவள்மேல் அவனுக்குச் சந்தேகம் மூட்டுகிறான் இயாகோ. அந்தக் கைக்குட்டைக் கதையையே பாருங்கள். டெஸ்டிமோனா தவறவிட்டதை எடுத்துத் தன் புருஷன் இயாகோவிடம் கொடுத்தவள் எமிலியா. பிறகு டெஸ்டிமோனா, அதை எங்கே தொலைத்தேன் என்று அவளிடமே கேட்கிறாள். தெரியாது என்கிறாள் எமிலியா. அவள் கெட்டவள் இல்லை. கடைசிக் காட்சியில் புருஷனின் கத்திக்குக்கூடப் பயப்படாமல் எல்லாவற்றையும் போட்டு உடைப்பவள் அவள்தான். அந்தத் தைரியத்தில் கால்வாசி முன்னாலேயே வந்திருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். சற்று நேரத்தில் ஒத்தெல்லோ வருகிறான். அந்தக் கைக்குட்டையில் மந்திரம் இருக்கிறது, எகிப்தியக்காரி ஒருத்தி தன் அம்மாவுக்குக் கொடுத்தது என்றெல்லாம் சொல்லி மிரட்டுகிறான். டெஸ்டிமோனா நடுங்கிப்போய், ‘தொலையவில்லை’ என்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொள்வதை எமிலியா பக்கத்திலேயே நின்று பார்க்கிறாள். அவன் போனதும், ‘இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ?’ என்று கேட்கிறாளே தவிர, கைக்குட்டை போன இடத்தைச் சொல்லவில்லை.

கவனித்தீர்களா, அந்த நேரத்தில் இயாகோ மேடையிலேயே கிடையாது. இரண்டு பெண்கள் சொன்ன இரண்டு பொய்களையும் அவன் சொல்லிக்கொடுக்கவில்லை.

சந்தேகத்தில் ஒத்தெல்லோவே அவளைக் கொல்கிறான். டெஸ்டிமோனா சாகும்போது சொல்வதும் பொய்தான். யார் இப்படிச் செய்தது என்று எமிலியா கேட்க, ‘யாருமில்லை, நானேதான்’ என்கிறாள். வகுப்பில் பாதிப் பேர் கண் கலங்கினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் காப்பாற்ற நினைத்த அந்த மனிதனே அடுத்த நிமிடம், பொய் சொல்லிவிட்டு நரகத்துக்குப் போனாள் என்று அவளைத்தான் ஏசுகிறான்.

கூடப் படிக்கும் தோழி ஒருத்திக்கு இந்த நாடகங்களே பிடிக்காது. ‘நேரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல் அங்கத்திலேயே முடிஞ்சிருக்கும். மெகா சீரியல் மாதிரி இழுக்கறாங்க’ என்பாள். நான் ஒத்துக்கொள்வதில்லை. நேரில் கேட்பது அவ்வளவு சுலபம் என்றால் சேலத்தில் இத்தனை பாகப்பிரிவினை வழக்குகள் எதற்கு? நம் வீடுகளில் அப்பா மகனைக் கேட்டால் அது விசாரணை. மகன் அப்பாவைக் கேட்டால் எதிர்த்துப் பேசுவது. மருமகள் யாரைக் கேட்டாலும் சண்டை. அதனால் எல்லோரும் மூன்றாவது ஆளிடம்தான் கேட்கிறோம். அந்த மூன்றாவது ஆள் ‘லியர்’ வில்லன் எட்மண்டாக இருந்துவிட்டால் கதை கந்தல்.

‘லியர்’ நாடகத்தில் அதுதான் நடக்கிறது. எட்மண்ட் அண்ணன் பெயரில் ஒரு கடிதத்தைத் தானே எழுதி, அப்பா குளோஸ்டர் பிரபு வரும்போது அவசரமாக ஒளிப்பதுபோல் நடிக்கிறான். அவர் பிடுங்கிப் படிக்கிறார். மூத்த மகன் எட்கர் தன்னைக் கொன்று சொத்தைப் பங்குபோடத் திட்டமிடுகிறான் என்று நம்பிவிடுகிறார். இது அவன் கையெழுத்தா, முன்னே எப்போதாவது இப்படிப் பேசியிருக்கிறானா என்று அவர் கேட்பது முழுக்க எட்மண்டிடம். எட்கரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி இல்லை. எட்கரும் அப்படித்தான். அப்பா கோபமாக இருக்கிறார், கண்ணில் படாதே என்று தம்பி சொன்னதும் ஓடுகிறானே ஒழிய, நேரே போய் ‘என்னப்பா ஆச்சு?’ என்று கேட்கவில்லை. எட்மண்ட் பெரிய அறிவாளி என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகக் கேட்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நாட்டை மூன்று மகள்களுக்கும் பிரித்துக் கொடுக்க லியர் மன்னர் வைக்கும் ‘யாருக்கு என்மேல் பாசம் அதிகம்?’ போட்டியும் உண்மையில் போட்டி இல்லை. வரைபடம் ஏற்கெனவே கோடு போட்டுத் தயாராக இருக்கிறது. மூத்தவள் கானரில் பேசி முடித்ததும் அவள் பங்கு, ரீகன் பேசி முடித்ததும் அவள் பங்கு. மூன்றாவது மகள் வாய் திறக்கும் முன்பே இரண்டு பங்கு போய்விட்டது. சபை நடுவில் மகள்கள் தன்னைப் புகழ்வதைக் கேட்க அப்பா ஏற்பாடு செய்த நாடகம் அது. கொர்டீலியா அதில் நடிக்க மாட்டேன் என்றாள். ‘பெரியவர் ஆசைப்படறாரு, ரெண்டு நல்ல வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?’ என்று எங்கள் வகுப்பில் ஒரு பெரிய கட்சியே உண்டு. சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் பெண்களிடம் கையெழுத்து வாங்கும்போது சொல்கிற அதே குரல். தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அண்ணன் மனசு நோகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘எனக்கு எதுவும் வேண்டாம்ண்ணா’ என்று சிரிக்கும் அத்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நம்பவும் எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

நடுவில் ஒன்று. லியர் இன்று சேலத்தில் இருந்திருந்தால், பங்கு வாங்கிய மகள்கள் கைவிட்டதும் புயலில் அலைய வேண்டியதில்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். லியரோ நிபந்தனையைச் சபையிலேயே சொன்னவர். மாதம் ஒரு மகள் வீடு, கூட நூறு வீரர்கள். அதைக் கானரில் ஐம்பது ஆக்க, ரீகன் இருபத்தைந்து ஆக்க, கடைசியில் ஒருவன்கூட எதற்கு என்ற பேச்சு வந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கலாம்.

சரி, எட்கருக்கு வருகிறேன். எட்மண்ட் காட்டிக்கொடுக்க, ரீகனும் அவள் புருஷனும் குளோஸ்டரின் கண்களைப் பிடுங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் எட்கர் குற்றமற்றவன் என்று அவருக்குத் தெரியவருகிறது. இரத்தம் வழிய வெளியே வரும் கிழவர், ‘என் பிள்ளையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால் போதும், கண் திரும்பக் கிடைத்தது என்பேன்’ என்கிறார். அதைச் சொல்லும்போது பிள்ளை அங்கேயே நிற்கிறான், பைத்தியக்காரப் பிச்சைக்கார வேஷத்தில். அப்பாவுக்கு இனி அவன்மேல் கோபம் இல்லை. இருந்தும் அவன், ‘நான்தாம்பா’ என்று சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து மீதி நாடகம் முழுக்க நடக்கிறான், அன்னியனாக.

சாக நினைக்கும் அப்பாவை, கடலோர டோவர் குன்று இதுதான் என்று சொல்லிச் சமதரையில் நிறுத்துகிறான். கீழே காக்கைகள் வண்டு அளவு தெரிகின்றன, கரையில் மீனவர்கள் எலி போல நடக்கிறார்கள் என்று வர்ணிக்கிறான். ஏற்காட்டில் பிறந்தவளுக்கு இது புதிதில்லை. லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பஸ் தீப்பெட்டியாகத்தான் தெரியும். அதனாலேயே எனக்கு அந்தக் காட்சி பயங்கரமாக இருக்கிறது. கண்ணில்லாத அப்பா சாகத் துணிந்து குதிக்கிறார், தரையில் விழுகிறார். மகன் குரலை மாற்றிக்கொண்டு வந்து, அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தீர்கள், தெய்வச் செயல் என்கிறான். அவர் விரக்தியைக் குணப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறேன் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு. கடைசியில் சண்டைக்குப் போகும் முன் உண்மையைச் சொல்கிறான். சந்தோஷமும் துக்கமும் ஒன்றாகத் தாக்க, அப்பாவின் இதயம் வெடித்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு முன்புவரை சொல்லாமல் இருந்தது தப்பு என்று எட்கரே ஒத்துக்கொள்கிறான். அவனை அப்பழுக்கில்லாத நல்லவனாக எழுதுகிற நோட்ஸ் எல்லாம் அந்த வரியை மட்டும் எப்படியோ தாண்டிப் போய்விடுகிறது. 1681-ல் நேஹம் டேட் என்பவர் இந்த நாடகத்தைச் சுபமாக மாற்றி எழுதினார். அதில் குளோஸ்டரும் பிழைத்துக்கொள்கிறார், எட்கருக்குக் கொர்டீலியாவே மனைவியாகக் கிடைக்கிறாள். சுமார் நூற்றைம்பது வருடம் இங்கிலாந்து மேடையில் ஓடியது அந்த வடிவம்தான்.

எட்கரைப் படிக்கும்போது எனக்குக் குந்தி ஞாபகம் வராமல் இருக்காது. அம்மாயி ஊர் தாரமங்கலம் பக்கம். மாரியம்மன் பண்டிகைக்கு விடிய விடிய ‘கர்ண மோட்சம்’ கூத்து நடக்கும். போருக்குக் கிளம்பும் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் ஒரு தர்க்கம் வரும். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று அவள் ஏசுவதும், அவன் பதில் பாடுவதும் நேரம் போவதே தெரியாமல் நீளும். பொன்னுருவி வேஷம் கட்டுபவரும் ஆண்தான், ஆனால் முன்வரிசைப் பெண்கள் தங்கள் வீட்டுச் சண்டையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பிறப்பு தெரியாததால் அவன் பட்ட அவமானம் எல்லாம் கட்டிய மனைவி வாயிலிருந்து வரும்போது, உண்மை தெரிந்த அம்மா எங்கே? அவள் வந்தாள்தான், ஆனால் போர் உறுதியான பிறகு. அப்போதும் நாகபாணத்தை இரண்டாவது முறை விடாதே, அர்ச்சுனன் தவிர மற்ற நால்வரைக் கொல்லாதே என்று வரம் வாங்கிக்கொண்டு போனாள். ஊரறிய ‘மகனே’ என்று அழுதது அவன் விழுந்த பிறகு.

பிறகு தருமன், பெண்கள் மனதில் இனி ரகசியமே தங்கக்கூடாது என்று சபிக்கிறான். எனக்குச் சிரிப்புத்தான் வரும். கண்ணனுக்கும் தெரியும், கர்ணனே தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்தான். சாபம் மட்டும் எங்களுக்கா?

எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. தாத்தாவுக்குப் புற்றுநோய் என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் அல்சர். நான் அப்போது பள்ளியில், எனக்கும் அல்சர்தான். வரப்புத் தகராறில் அவரும் சின்னத் தாத்தாவும் பல வருடமாகப் பேச்சில்லை. ‘ஒடம்பு தேறட்டும், நானே போய்ப் பாக்கறேன், அவன் வந்தா மொதல்ல வந்த கெத்து காட்டுவான்’ என்று தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார். தேறப்போவதில்லை என்று தெரிந்த மாமாக்கள் ‘ஆமாங்கப்பா’ என்று தலையாட்டினார்கள். சின்னத் தாத்தா மாலையோடுதான் வந்தார். இதில் யார் வில்லன்? ஒருவரும் இல்லை. எல்லோரும் அவரைத் தாங்கினார்கள். எனக்கு மாமாக்கள்மேல் இன்றைக்கும் பாசம் உண்டு, ஆனால் அந்த அல்சரை நான் மன்னிக்கவில்லை.

ஏமாற்றுவதே கூடாது என்று நான் பேசவில்லை. தினமும் கல்லூரிக்கு இறங்கி வரும் பஸ், ஏற்காடு ரோட்டில் பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் போகும். அவர்கள் 1950-ல் எடுத்த ‘மந்திரி குமாரி’, கலைஞரின் மேடை நாடகத்திலிருந்து வந்தது. அதற்கு மூலம் குண்டலகேசிக் கதை. மலை உச்சியில் தன்னைத் தள்ளவந்த கொள்ளைக்காரப் புருஷனை, மூன்று முறை சுற்றிக் கும்பிடுகிறேன் என்று சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள் அமுதவல்லி. அந்தப் பொய்க்கு என் முழு ஆதரவு உண்டு. இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நோராவையும் நான் குறை சொல்லமாட்டேன். புருஷன் உயிரைக் காப்பாற்றக் கடன் வாங்க, அப்பாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டாள், அதுவும் அப்பா இறந்து மூன்று நாள் கழித்த தேதியில். பாவம், அந்த அளவுக்குத்தான் அவளுக்குத் திருட்டுத்தனம் வந்தது. கடனை ரகசியமாக அடைத்து வந்தாள், உண்மை வெளியே வந்ததும் உட்கார்ந்து பேசுவோம் என்றாள், கதவைச் சாத்திவிட்டுப் போனாள். இருக்கும் காலத்தைத் திருடிக்கொண்ட பொய் இல்லை அது.

எட்கரை நான் இவ்வளவு திட்டுவது தோழிக்குப் பிடிக்கவில்லை. ‘முன்னாடியே சொல்லியிருந்தா கிழவர் அப்பவே செத்திருப்பார்’ என்கிறாள். இருக்கலாம். ஆனால் அதே நாடகத்தில் கொர்டீலியா முகத்தை மறைக்கவில்லையே. புத்தி தெளிந்து கண் விழிக்கும் லியர், எதிரில் மகளைப் பார்க்கிறார். என்னை வெறுக்க உனக்குக் காரணம் இருக்கிறது, உன் அக்காக்களுக்கு இல்லை என்கிறார். அவள் சொல்லும் பதில்: ‘காரணம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.’

முதல் காட்சியில் ஓர் இனிப்பான பொய் சொல்ல மறுத்து ராஜ்ஜியத்தையே இழந்தவள், இங்கே தயங்காமல் ஒரு பொய் சொல்கிறாள். காரணம் ஏராளமாக இருந்தது. நான் இவ்வளவு நேரம் பேசியதற்கு இது ஒத்துவரவில்லை என்று தோழி உடனே பிடித்துக்கொண்டாள். ஒத்துவருகிறது என்றுதான் இன்னும் சொல்கிறேன். அது பொய் என்று சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள், இன்னும் கொஞ்ச நேரமும் மிச்சம் இருக்கிறது. எட்கர் தன் அப்பாவுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. தோழி இதற்கும் மசியவில்லை, நாளை கேன்டீனில் தொடரும் என்று நினைக்கிறேன். நாடகம் படித்தவர்கள் யாராவது எட்கருக்காக வாதாட வந்தால் வாருங்கள், ஆனால் ‘அப்பா மனசு தாங்காது’ என்ற வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.