எண்ணை மாற்றினால் சட்டம் மாறிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை இங்கே மறுபடி விவரிக்கப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டதற்கு, “வெள்ளைக்காரன் சட்டம் போனதில் உங்களுக்கு அவ்வளவு வருத்தமா?” என்று மேடையிலிருந்து கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்கள். போனதில் வருத்தமில்லை ஐயா. போகவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

1860-இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் இப்போது 358 ஆகியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இடம் மாறி உட்கார்ந்திருக்கும் பழைய பிரிவுகளே. புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலைக்குப் பிறகுதான் என் தம்பியின் பைக் திருட்டுப் போனது. புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று நடையாய் நடந்த பிறகு, ஸ்டேஷன் ரைட்டர் பழக்கதோஷத்தில் திருட்டுக்கான பழைய பிரிவு எண் 379 என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே புது எண் 303 என்று எழுதினார். எங்கள் அலைச்சலில் குறைவில்லை. எண் மட்டும்தான் மாறியது.

புதுச் சட்டத்தில் வந்திருக்கும் சமுதாய சேவைத் தண்டனையெல்லாம் கண்ணில் படவில்லையா என்பீர்கள். பட்டது, நல்லதுதான். அதைப் பழைய சட்டத்திலேயே ஒரு திருத்தமாகக் கொண்டுவந்திருக்கலாம்.

‘தேசத்துரோகப் பிரிவையே எடுத்துவிட்டோமே’ என்பவர்களுக்குத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1908-இல் வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பிய பழைய தேசத்துரோகப் பிரிவான 124-ஏ-வை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. இன்று அதன் இடத்தில் இருக்கும் 152-ஆம் பிரிவு, பிரிவினை உணர்வை ஊக்குவிப்பதையும் நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிப்பதையும் குற்றம் என்கிறது. எந்தப் பேச்சு அப்படிப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்யப்போவது அதே காவல் நிலையம்தான். ஆயுள் தண்டனை அப்படியே இருக்க, மூன்றாண்டு வரை என்றிருந்த மாற்றுத் தண்டனை ஏழாண்டு வரை என்று உயர்ந்திருக்கிறது. பிரிட்டனோ தன் மண்ணில் அந்தக் குற்றத்தையே ஒழிக்க 2009-இல் சட்டம் இயற்றிவிட்டது. வெள்ளைக்காரனே வேண்டாமென்று விட்டெறிந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அதைச் சுட்டிக்காட்டுகிறவனை அவனுடைய அடிமை என்கிறீர்கள். கைதட்டியவர்களில் என்னோடு தினமும் டீ குடிக்கிறவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தோடு முடியவில்லை. மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அது வன்புணர்வு ஆகாது என்ற விலக்கை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1991-இலேயே தூக்கியெறிந்தது. நம் புதுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில், பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைப் பொறுத்தவரை அந்த விலக்கு இன்னும் இருக்கிறது. குடும்பம், பண்பாடு என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்; இந்த விலக்கு நம் பாட்டன் பூட்டன் எழுதி வைத்ததல்ல, 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதி வைத்ததுதான்.