ஒரு பெட்டி எலுமிச்சைச் சாறு

என் தாய்மாமா கல்லூரியில் படித்த காலத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிகில்ஸ் என்ற இளம் போர் விமானியின் கதைத் தொகுப்புதான் நான் முதன்முதலில் முழுதாகப் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகம். பன்னிரண்டு வயது எனக்கு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுவதும் படித்தேன். முதல் உலகப் போர், பிரான்சின் வானம், துணியும் மரமுமாகச் செய்த ஒற்றை இருக்கை விமானம், அதற்குள் இருபது வயதுகூட ஆகாத ஒரு பிரிட்டிஷ் பையன். அந்தத் தொகுப்பில் ஒரு பலூன் கதை உண்டு. ஜெர்மானியரின் கண்காணிப்பு பலூனை வீழ்த்துபவர்களுக்குப் பரிசு, ஒரு பெட்டி எலுமிச்சைச் சாறு.

அப்போதே எனக்கு அது உறுத்தியது. எலுமிச்சைச் சாற்றுக்காகவா இவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்?

பல ஆண்டுகள் கழித்து, கதையின் பழைய வடிவம் கைக்குக் கிடைத்தபோதுதான் விடை தெரிந்தது. 1932இல் டபிள்யூ. இ. ஜான்ஸ் எழுதியபோது அது ஒரு பெட்டி விஸ்கி. 1950களில் சிறுவர்களுக்கென்று மறுபதிப்பு செய்தபோது யாரோ விஸ்கியைக் கொட்டிவிட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றிவிட்டார்கள். இது சின்ன விஷயம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடிப்பதை நியாயப்படுத்துவதல்ல என் நோக்கம். அந்தப் பையன்கள் ஏன் குடித்தார்கள் என்பது கதையின் உயிர்நாடி. நாளை காலை இருப்போமா என்று தெரியாதவர்களின் குடி அது. அதை எடுத்துவிட்டால் போர் ஒரு பள்ளி விளையாட்டு விழாவாகிவிடுகிறது.

ஜான்ஸ் தான் எழுதியதை அறிந்தவர். விமானப் பயிற்சியாளராக இருந்தபோது எஞ்சின் கோளாறுகளால் மூன்றே நாட்களில் மூன்று விமானங்களை உடைத்தவர்: ஒன்று கடலில், ஒன்று மணலில், மூன்றாவது சக அதிகாரி ஒருவரின் வீட்டுப் பின்கதவில். பிறகு 55ஆம் படைப்பிரிவில் டிஎச்-4 குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். 1918 செப்டம்பர் 16 அன்று மன்ஹைம் நகரத் தாக்குதலுக்குப் போகும்போது சுட்டு வீழ்த்தப்பட்டார். பின்னிருக்கைத் துப்பாக்கி வீரர் இறந்தார்; ஜான்ஸ் போர்க் கைதியானார். போர் முடிய அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. பிகில்ஸை முதல் கதையில் அவர் அறிமுகப்படுத்தும் இடத்தைப் பாருங்கள். வெளிறிய முகத்தில் அந்த வயதிலேயே கோடுகள் விழுந்திருக்கின்றன. கைகள் சும்மா இருப்பதில்லை, கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கின்றன. சில மணி நேரத்துக்கு முன்புதான் அவன் ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறான். சிறுவர் நாயகன் ஒருவனை இப்படி நடுங்கும் கைகளோடு யார் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? அந்த வானத்தில் இருந்துவிட்டு வந்தவரால்தான் முடியும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் விமானக் கதைகள் வேறு வழியில் வந்துகொண்டிருந்தன. சிறுவர் கதை வரிசைகளை உருவாக்கி விற்ற எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயர் கதைச் சுருக்கம் எழுதித் தருவார், கூலிக்கு எழுதுபவர்கள் விரித்து எழுதுவார்கள், அட்டையில் ஒரு கற்பனைப் பெயர் இருக்கும். டாம் ஸ்விஃப்ட் என்ற இளம் கண்டுபிடிப்பாளனின் ஆகாயக் கப்பல் கதை 1910இல் வந்தது. அமெரிக்க விமானி லிண்ட்பர்க் 1927 மே மாதத்தில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். அந்த ஆண்டிலேயே அவரைப் போன்ற ஒரு நாயகனை வைத்து டெட் ஸ்காட் வரிசையைத் தொடங்கிவிட்டார்கள். அவற்றின் வேகத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் மனதில் தங்குவதில்லை.

இப்போது என் மகளுக்குப் பதினொரு வயது. இரவில் மாமாவின் அந்தப் புத்தகத்தை எடுத்து, தமிழாக்கிக்கொண்டே படித்துச் சொல்கிறேன். பலூன் கதை வந்தது. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன், அதைச் சுற்றிக் கீழே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள், கூடையில் தொலைநோக்கியோடு ஓர் ஆள். விமானம் நெருங்குகிறது என்றதும் கூடையில் இருப்பவர்கள் பாராசூட்டோடு குதித்துவிடுவார்கள் என்று விளக்கினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்படியானால் பிகில்ஸிடமும் பாராசூட் இருக்கும், இல்லையா அம்மா?"

இல்லை. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்கு அந்தப் போர் முடியும்வரை பாராசூட் கொடுக்கவில்லை. அவர்கள் பக்கத்து பலூன்காரர்களுக்கும் இருந்தது. 1918இல் ஜெர்மானிய விமானிகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது. பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணிச் சிறகுகளோடு பறந்த இவர்களுக்கு மட்டும் தீப்பிடித்தால் இறங்க வழியில்லை. 1917 ஏப்ரல் என்ற ஒரே மாதத்தில் பிரிட்டிஷ் தரப்பு இழந்த விமானங்கள் 245. இதைச் சொன்னபோது அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. கோபப்பட்டாள். யார் கொடுக்க மறுத்தது, ஏன் என்று கேட்டாள். எடை, இடம் என்று காரணம் சொன்னதாகச் சொன்னேன். "எடையா?" என்றாள். பதினொரு வயதுக் குழந்தைக்கு இந்தக் கோபம் வருவதைத்தான் நான் விரும்புகிறேன்.

விமானத்தைப் பற்றியும் அவள் விடுவதில்லை. பிகில்ஸ் ஓட்டும் சாப்வித் கேமல் விமானத்தின் எஞ்சினில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்பதில்லை. முன்விசிறியோடு சேர்ந்து எல்லாமே சுழலும். அந்தச் சுழற்சியின் இழுப்பால் வலப்பக்கம் திருப்பினால் சட்டென்று திரும்பி மூக்கைத் தாழ்த்தும். இடப்பக்கம் திருப்பினால் மந்தமாகத் திரும்பி மூக்கை உயர்த்தும். சண்டையில் அது வரம், புதிதாக ஓட்டப் பழகுபவனுக்குச் சாபம். பழகும்போதும் விபத்திலும் இறந்தவர்களின் எண்ணிக்கை, சண்டையில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட நிகராக இருந்தது. அந்த எஞ்சினுக்கு ஊற்றியது விளக்கெண்ணெய். எரியாமல் வெளியே தெறிக்கும் எண்ணெய் விமானியின் முகத்தில் படியும், மூக்கில் ஏறும், வயிற்றுக்குள்ளும் போகும். விளக்கெண்ணெய் குடித்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அதோடு சண்டை போட்டார்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்லலாமா என்று எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். வேறொரு காரணத்துக்காகவும் கேட்கிறார்கள்: இவை சாம்ராஜ்யத்தின் கதைகள், வெள்ளைக்காரனைத் தவிர மற்றவர்களை மட்டமாகக் காட்டும் கதைகள். அது உண்மைதான். குறிப்பாக, பிகில்ஸ் உலகம் சுற்றும் பிற்காலப் புத்தகங்களில் என் இரத்தம் கொதிக்கும் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே நிறுத்தி, இது பொய், இப்படி ஏன் எழுதினார்கள் என்று பேசுகிறேன். அந்தப் பக்கங்களையும் யாராவது எலுமிச்சைச் சாறாக மாற்றித் தந்தால் நான் வாங்க மாட்டேன். என் மகள் அதைப் பார்க்க வேண்டும், பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

கூடவே ஒன்று செய்கிறேன். அந்தக் கதைகள் விட்டுவிட்ட மனிதர்களைப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறேன். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய், 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் வான்சண்டையில் பத்து வெற்றிகள் பெற்று, 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வயது 19. ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக் ஓட்டியது பிகில்ஸின் அதே கேமல். தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன்மேல் அணியும்படி பெரிய தலைக்கவசம் செய்துகொண்டவர். 1917 அக்டோபர் 26 அன்று காலில் குண்டடி பட்டும் விமானத்தைத் தன் தரப்புப் பகுதிக்குள் இறக்கிப் பிழைத்தார். பின்னாளில் பிரான்சுக்கு இந்தியத் தூதராகவே போனார். போர்க்காலத்தில் எந்த மண்ணுக்கு மேலே பறந்தாரோ அந்த நாட்டுக்கு.

மாலிக்கின் படத்தைத் திறன்பேசியில் காட்டியபோது அவள் வெகுநேரம் பார்த்தாள். "இவரை வைத்து யாரும் கதை எழுதவில்லையா?" என்றாள். நீ எழுது என்றேன். முதலில் எஞ்சினை ஒழுங்காக வரையத் தெரிய வேண்டும் என்று சொல்லி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது சிலிண்டர்களை வட்டமாக வரைந்துகொண்டிருக்கிறாள்.

பலூன் கதையை இன்னொரு முறை கேட்டிருக்கிறாள். மாமாவின் பிரதியிலிருந்துதான் படிப்பேன். அந்த வரியில் மட்டும் 'எலுமிச்சைச் சாறு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் 'விஸ்கி' என்று எழுதிவைத்திருக்கிறேன்.