குழாய்த் திருகில் பிறந்த ஒளிவாள்

என் மேஜை மேல் ஒரு லைட்சேபர் கைப்பிடி இருக்கிறது, ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களில் வருகிற ஒளிவாளின் கைப்பிடி. போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினலா?" என்று கேட்டார். நானே செய்தது என்றேன். "ஓ, டூப்ளிகேட்டா" என்று வைத்துவிட்டார். அவர் மேல் கோபமெல்லாம் இல்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் அந்த 'ஒரிஜினல்' எப்படி உருவானது தெரியுமா? செட் அலங்காரத்தைப் பார்த்துக்கொண்ட ரோஜர் கிறிஸ்டியன் கையில் பெரிய பணம் இல்லை. லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் தேடியபோது பழைய கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷ் கைப்பிடிகள் கிடைத்தன. அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் 1940-களில் தங்கள் பெரிய கேமராவின் பக்கத்தில் மாட்டிக்கொண்ட உலோகக் குழல் அது, உள்ளே பேட்டரி போடுவார்கள். அதன் அடிப்பாகத்தில் கருப்பு ரப்பர் பட்டைகளை ஒட்டி, நடுவில் இருந்த கிளாம்பில் கால்குலேட்டர் ஒன்றின் எண்களுக்கு மேல் இருக்கும் குமிழ்ப் பட்டையைச் செருகினார்கள். படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் வாள் தயார்.

லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் வாள் இன்னும் அழகு. ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் துப்பாக்கியில் வைத்து எய்த கையெறி குண்டின் உடல், அப்புறம் சாதாரணக் குளியலறைக் குழாயின் திருகு. ஆமாம், தண்ணீரைத் திறந்து மூடும் அந்தத் திருகுதான்! இதை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பாகங்களின் பெயரெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணமே ரசிகர்கள்தான். மங்கலான புகைப்படங்களையும் படத்தின் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பழைய இரும்புக் கடைகளிலும் ராணுவ உபரிப் பொருள்களிலும் தேடி, வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். படத்தில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கப்பலின் மாதிரியில் ஒட்டியிருக்கும் துண்டுகள் எந்தெந்த டாங்கி, கார் பொம்மைப் பெட்டிகளிலிருந்து வந்தவை என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கல்வெட்டு படிக்கிறவருக்கு இருக்கும் பொறுமை இவர்களுக்கும் இருக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

சேகரிப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவின் பெடலூமாவில் ஸ்டீவ் சான்ஸ்வீட் என்பவர் ஒரு பழைய கோழிப் பண்ணையில் வைத்திருக்கும் தொகுப்பு, ஸ்டார் வார்ஸ் பொருள்களில் உலகிலேயே பெரியது என்று கின்னஸில் இருக்கிறது. கடையில் விற்ற பொம்மைகளோடு ரசிகர்கள் கையால் செய்தவற்றையும் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த சேகரிப்பு அப்படிப்பட்டதுதான். பெட்டியைப் பிரிக்காமல், பொருளின் நிலைக்கு மதிப்பெண் போட்ட கண்ணாடி உறைக்குள் வைத்து, விலை ஏறக் காத்திருக்கும் வகை எனக்கு ஒட்டவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்குப் பொம்மைகள் தயாராகாததால் கென்னர் நிறுவனம் வெறும் அட்டைப் பெட்டியை விற்றது. உள்ளே ஒரு சான்றிதழ் இருக்கும், அதை அனுப்பினால் அடுத்த வருஷம் லூக், லேயா, செவ்பாக்கா, குட்டி ரோபோ ஆர்2-டி2 என நான்கு பொம்மைகளும் தபாலில் வரும். அந்தப் பொம்மைகளுக்காக எத்தனை குழந்தைகள் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்! கை படாமலே இருப்பதற்கா அவை வந்தன?

படத்தில் வெள்ளைக் கவசம் போட்டு வரும் படைவீரர்களின் தலைக்கவசம் கோர்ட்டு வரைக்கும் போனது. லண்டனின் ட்விக்கன்ஹாமில் ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த் என்பவர்தான் படத்துக்காகப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் உறிஞ்ச வைத்து அதைச் செய்து கொடுத்தார். பல வருஷம் கழித்து அவரே அதைச் செய்து விற்கத் தொடங்க, படத்தை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், தலைக்கவசம் ஒரு சிற்பம் ஆகாது, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள், அதனால் சிற்பத்துக்குரிய பதிப்புரிமை அதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, அந்தக் கன்னத்தின் வளைவு சரியாக வரும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அவர் கையில் இருப்பதைச் சிற்பம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

501-வது லீஜன் என்று ஒரு ரசிகர் கூட்டம். 1997-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கியது. படத்தில் உள்ளதுபோலவே கவசம் இருந்தால்தான் உறுப்பினராக முடியும். அதைப் போட்டுக்கொண்டு காசு வாங்காமல் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறார்கள். ஜான்சனின் சின்ன மகளுக்கு மூளையில் புற்றுநோய் வந்தபோது, அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆர்2 ரோபோ வேண்டும் என்பது வீட்டில் பேச்சானது. ரோபோ கட்டும் ரசிகர்கள், ஏற்கெனவே இருந்த ஒன்றுக்கு இளஞ்சிவப்பு பெயிண்ட் அடித்து அவளிடம் கொண்டுவந்தார்கள். 2005-ல் அந்தக் குழந்தை போய்விட்டது. அவள் நினைவாக அவர்கள் பிறகு கட்டி முடித்த ஆர்2-கேடி என்ற இளஞ்சிவப்பு ரோபோ இன்னும் மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, 2015-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்திலும் ஒரு காட்சியில் நிற்கிறது. அதே படத்துக்கு ஆர்2-டி2வைக் கட்டிக் கொடுத்த லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ் இரண்டு பேருமே வீட்டில் ரோபோ கட்டிக்கொண்டிருந்த ரசிகர்கள்தான். 2013-ல் ஜெர்மனியில் நடந்த ரசிகர் விழாவில் அவர்கள் ரோபோக்களைப் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளரே கூப்பிட்டுக்கொண்டார். இவர்களை எந்தப் பக்கம் வைப்பது, ஒரிஜினலா டூப்ளிகேட்டா?

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஆட்களோடு எனக்குச் சண்டை உண்டு. வாள் செய்வதற்காக நிஜமான கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷை வாங்கி அறுக்காதீர்கள். அந்தக் கேமராவை இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு ஃப்ளாஷ் கிடைக்காமல் போகிறது, விலையும் எங்கோ போய்விட்டது. நன்றாகச் செய்த நகல் கைப்பிடிகள் வருகின்றன. இல்லையென்றால் பைப் இருக்கிறது.

என்னுடையது பைப்தான். எங்கள் தெரு முனை ஹார்டுவேர் கடையில் ஒன்றேகால் இன்ச் பிவிசி துண்டு, இரண்டு கப்ளிங், ஒரு எண்ட் கேப் கேட்டேன். "மோட்டார் லைனா தம்பி?" என்றார் அண்ணாச்சி. போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய், அடியில் கிடந்த ஒரு டப்பாவைக் கவிழ்த்து, பழைய பித்தளைக் குழாயின் திருகு ஒன்றை எடுத்து வந்து, "இந்த முனைக்கு இது சரியா வரும், மரை மட்டும் கொஞ்சம் ராவிக்க" என்றார். காசு வாங்கவில்லை.

எம்சீல் வைத்து ஒட்டி, நான்கு தடவை பெயிண்ட் அடித்து, இரண்டு தடவை சுரண்டி எடுத்து, பதினோரு நாள் ஆனது. இப்போது அக்கா மகன் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனை அந்தக் கடைக்குக் கூட்டிப்போகிறேன், திருகை அவனே தேடி எடுக்கட்டும்.