கோன் ஃபில்டர் மாட்டினால் கார் இன்ஜின் சூடு குறையுமா?

"கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் மாட்டுங்கள், இன்ஜின் சூடு குறையும்" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் தகவல் தவறு. (கோன் ஃபில்டர் என்பது கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்.) இன்ஜின் சூட்டைப் பார்த்துக்கொள்வது கூலன்ட், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஃபேன். ஃபில்டருக்கு அங்கே வேலையில்லை.

சரி, உள்ளே போகும் காற்றாவது குளிருமா? பெரும்பாலான கார்களில் கம்பெனிப் பெட்டியின் குழாய் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. மூடியில்லாத கோனோ பானெட்டுக்குள் வெந்து கிடக்கும் காற்றைத்தான் குடிக்கும். 30 டிகிரி காற்று 60 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். சத்தம் மட்டும் கம்பீரமாக இருக்கும்!

நீங்களே சோதிக்கலாம். ஓபிடி கருவியை (காரின் சென்சார் அளவுகளைக் காட்டும் சிறு கருவி) மாட்டி, உள்வரும் காற்றின் வெப்பநிலை வெளி வெப்பநிலையைவிட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே சாலை, அதே வேகம், ஏசியும் அதே நிலையில். நெடுஞ்சாலையில் வித்தியாசம் சுருங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். டர்போ காரில் அந்த வெப்பநிலை சென்சார், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பின்னால் இருந்தால் அந்த எண் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்லாது.

கோனைச் சுற்றித் தடுப்புப் பெட்டியும் முன்னாலிருந்து குழாயும் வைத்த கிட்டுகள் பரவாயில்லை. ஆனால் அந்த அமைப்பு கம்பெனிப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறதே.