தொப்பி இல்லையென்றால் விளையாட்டு இல்லை
ஆஸ்திரேலியர்களை வெயிலிடமிருந்து காப்பாற்றியது 1981-இல் வந்த 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லேப்' விளம்பரம்தான் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி மாட்டு என்று விளம்பரத்தில் ஒரு கடற்பறவை ஆடிப் பாடினால் வாய் முணுமுணுக்கும், கை தொப்பியை எடுக்குமா? இங்கே மெல்பர்னில் என் மகன் பள்ளியில் தொப்பி மறந்த பிள்ளைக்கு மைதானம் கிடையாது. மற்றவர்கள் பந்து உதைப்பதை நிழற்கூரைக்கு அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். அவன் சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் தொப்பியை மறப்பதில்லை. 2007-இல் அந்த விளம்பர வாசகத்தோடு நிழல் தேடு, குளிர்கண்ணாடி போடு என்று இரண்டைச் சேர்த்தார்கள், நல்லது. கிரீமை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பதுதான் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'நம் கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் எதற்கு' என்கிறார். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் ஓரளவுதான் காக்கும் ஐயா, வெயிலால் வரும் கண்புரைக்கு நிறம் தெரியாது.