பி0420 வந்தாலே கன்வெர்ட்டரைக் கழற்றணுமா?

கொட்டித் தீர்க்கலைன்னா தூக்கம் வராது. வண்டி வாங்கி மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. பெட்ரோல் எஸ்யூவி. ஓட்டியது 30,000 கிலோமீட்டருக்கும் கீழே. ஒருநாள் காலையில் செக் இன்ஜின் லைட் எரிந்தது. இழுவையில் குறை இல்லை, மைலேஜ் குறையவில்லை, நடுக்கம் இல்லை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகினார்கள், பி0420 என்ற எரர் கோடு, அதாவது பிழைக் குறியீடு வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு சார், மாத்தணும்." இன்ஜின் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகம் அது.

எப்படித் தெரியும்? வண்டியைத் தூக்கிப் பார்த்தீர்களா? ஒரு போல்ட்டையாவது தொட்டீர்களா?

அந்தக் கோடு எங்கேயும் "கன்வெர்ட்டர் செத்துவிட்டது" என்று சொல்லவில்லை. முதல் பேங்க்கில் (இன்ஜினில் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்) கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதுவும் நேரடியாக அளந்த கணக்கு இல்லை. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. நல்ல கன்வெர்ட்டர் தனக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடில் ஆக்சிஜனைச் சேர்த்துவைத்துத் தேவைப்படும்போது விடும். அதனால் பின் சென்சாரின் வோல்ட்டேஜ் பெரிதாக அலையாமல் 0.6, 0.7 வோல்ட் பக்கம் நிற்கும். அது 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் சந்தேகப்படும். பொதுவாக அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் சோதனை தோற்றால்தான் விளக்கையே போடும். அதாவது பின் சென்சார் சொல்வதை நம்பி எடுத்த முடிவு அது. அந்த சென்சாருக்கே தப்பான காற்று போயிருந்தால்?

கன்வெர்ட்டரை மாற்ற நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ பின் சென்சாரை மாத்திப் பார்ப்போம்" என்றார்கள். மாத்திப் பார்ப்போமாம்! என் காசில் பரிசோதனையா? சென்சார் கெட்டதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். பதில் இல்லை. வேறு வழி தெரியாமல் சம்மதித்தேன். மாற்றினார்கள், கோடை அழித்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். பத்தாவது நாள் அதே விளக்கு, அதே கோடு.

இதில் எனக்கு வயிறு எரிவது காசுக்காக மட்டும் இல்லை. கோடை அழித்தபோது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விட்டது. கோடு பதிவான நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடு, எத்தனை ஆர்பிஎம், என்ன வேகம், ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) எவ்வளவு என்ற அத்தனை விவரமும் அதில்தான் இருக்கும். ஒரு பேப்பரில்கூடக் குறித்துவைக்காமல் அழித்திருக்கிறார்கள். திருட்டு நடந்த வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டு அப்புறம் போலீஸைக் கூப்பிட்ட கதை. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் மானிட்டர் என்ற சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும், அதனால்தான் விளக்கு சில நாள் அணைந்தே இருக்கும். அதைக் காட்டி "சரியாயிடுச்சு" என்பதா?

கடைசியில் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அந்த மனுஷன் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். மெல்லிசாக ஒரு டிக் டிக் சத்தம். இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிட்டது. சைலன்சர் குழாய்க்குள் புகை செலுத்திப் பார்த்தார். பின் சென்சாருக்குச் சற்று முன்னால், குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் ஃப்ளேஞ்சில், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் ஓரமாகப் புகை கசிந்தது. புகைபோக்கிக்குள் அழுத்தம் துடித்துத் துடித்துத்தான் வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அந்த இடுக்கு வழியே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்த்திருக்கிறது. பழி கன்வெர்ட்டர் மேல்.

ஒரு கேஸ்கெட்! அதற்காகப் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய ஒரு பாகத்தைக் கழற்றி எறியச் சொன்னார்கள். புது வண்டிகள் பலவற்றில் கன்வெர்ட்டர் இன்ஜினை ஒட்டியே இருக்கும், சிலவற்றில் இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டோடு ஒரே துண்டு. கழற்றுவதே பெரிய வேலை. அதை மாற்றியிருந்தாலும் அந்தப் பழைய கேஸ்கெட் அங்கேயே இருந்திருந்தால் விளக்கு மறுபடி எரிந்திருக்கும்.

நிஜமாகவே கன்வெர்ட்டர் கெடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல்) எரியாத பெட்ரோல் உள்ளே போய் அதை உருக்கும். இன்ஜின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் படிந்து மூடும். கூலன்ட் கசிந்தாலும் அதே கதி. காரணத்தைத் தேடாமல் புதுசைப் போட்டால் புதுசும் போகும். சில மாடல்களில் கம்பெனியே மென்பொருள் அப்டேட் கொடுத்து இந்தக் கோடைச் சரிசெய்ததும் உண்டு. அது இருக்கிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் உடனே ஓரங்கட்டுங்கள், மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரை எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நின்று எரிந்தால் அவசரப்படாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போட்டோ எடுங்கள். ஸ்கேனரில் சோதனை முடிவுகளைக் காட்டும் மோட் 06-இல் கன்வெர்ட்டர் சோதனையின் மதிப்பையும் வரம்பையும் காட்டச் சொல்லுங்கள். கசிவு பார்த்தீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேஸ்கெட் மாற்றி இரண்டு மாசம் ஆகிறது. மானிட்டர்கள் எல்லாம் முடிந்து பாஸ் காட்டுகின்றன, விளக்கு எரியவே இல்லை. கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒரு குறையும் இல்லை.